பட்டிமண்டபமும் பூதவாதியும்

ஆத்திகரும் நாத்திகரும் ஒருவரையொருவர் பொறுத்து வாழ்தல் நம் நாட்டிற்குப் பழைய வழக்கமே. சாத்தனாரியற்றிய மணிமேகலை அதற்குச் சான்றாகும்.

புகாரில் 28 நாள் நிகழும் இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்போன், சமயவாதிகள் பட்டிமண்டபத்து முறையறிந்து ஏறுக என்றும், பகைவரிடத்தும் சினமும் கலகமுஞ் செய்யாது அகல்க என்றுங் கூறுகின்றான்.

27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சிமாநகரிற் பல சமயக் கணக்கரை வினவுகின்றாள். அவருள் ஒருவன் பூதவாதி. மறுமையுண்டென்பது பொய் என்பவன். தன் முற்பிறப்பை உணர்ந்த அவள், மாறுரையேன் என்று கூறி நகைத்தாள். அவனோ, அவ்வுணர்வு தெய்வமயக்கோ கனவோ ஆகுமென்றான். அனுமானத்தானன்றி நின் தாய்தந்தையரை எங்ஙனம் அறிவாயென அவள் வினவினாள். வாதம் அவ்வளவில் முடிந்தது. அவனை ஒருவரும் ஒறுத்திலர், ஊரினின்று ஓட்டவுமிலர். சாத்தனார் பௌத்தச் சார்பினராயினும், தாம் உடன்படாத கொள்கையை அதனை உடையான் வாய்மொழியாகவே விளங்கவைத்தனர். பிறன் கூற்றை முழுதுங் கேட்டுப் பின் மறுத்தலே பொறுமையின் இலக்கணமென்க.

அன்பர்காள்! நம் இல்லங்களிற் பூசை செய்யும் தந்தையும் கோயில் புகாத மைந்தனும் ஒருங்கே வாழ்கின்றனர். மைந்தன் வினவுங்கால் தந்தை சினவாதிருக்க. தந்தை வழிபடுங்கால் மைந்தன் எள்ளாதிருக்க. வாதம் நிகழினும் உறவு முறியாதிருத்தல் வேண்டும்.