பன்மொழித் திறனுக்கு ஒரு சான்று: திருமுல்லைவாயில் மாணவரை முன்வைத்து

முன்னுரை

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவரின் மதிப்பெண் சான்றிதழில் ஆறு பாடங்கள் இருக்கும். மொத்தம் 600 மதிப்பெண். பகுதி 1-இல் ஒரு மொழி, பகுதி 2-இல் ஆங்கிலம். அந்த மாணவர் எத்தனை மொழிகளில் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவர் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடை இல்லை. பகுதி 1-இல் 95 வாங்கியவர் அம்மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரா என்பதை அதிலிருந்து அறிய முடியாது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளர்ந்தவரின் தெலுங்கு பெரும்பாலும் அதில் இடம்பெறுவதே இல்லை.

பள்ளிப் படிப்பை முடிப்பவரின் பன்மொழித் திறனை அரசே அளந்து சான்றளிக்க வேண்டும் என்பதும், மொழியை எங்கே கற்றார் என்று பாராமல் எவ்வளவு வல்லவர் என்று மட்டுமே அச்சான்று பார்க்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். சென்னையின் மேற்குப் புறநகரான திருமுல்லைவாயிலும் அதைச் சூழ்ந்த திருவள்ளூர் மாவட்டமும் இதற்கு ஆய்வுக்களமாகின்றன.

கலிபோர்னிய முன்னோடி

இத்தகைய சான்று அமெரிக்காவில் நடைமுறையில் உள்ளது. கலிபோர்னியாவில் 1998-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 227-ஆம் முன்மொழிவு, பள்ளிகளில் இருமொழிக் கல்வியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வீட்டுமொழி ஒரு சுமை என்ற எண்ணம் வலுத்திருந்த அச்சூழலில், 'கலிபோர்னியன்ஸ் டுகெதர்' என்ற அமைப்பு 2008-இல் இருமொழி எழுத்தறிவு முத்திரைக்கான முயற்சியைத் தொடங்கியது. 2011-இல் சட்டம் வந்தது. 2012 முதல் உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்தில் மாநில முத்திரை பதியத் தொடங்கியது. இருமொழிக் கல்விக்கு இருந்த தடையின் பெரும்பகுதியை 2016-இல் வாக்காளர்களே நீக்கினர். முத்திரையும் மாநிலம் மாநிலமாகப் பரவி, இன்று 50 மாநிலங்களிலும் வழங்கப்படுகிறது.

மாணவர் ஆங்கிலத்தில் தேவையான தேர்ச்சியைக் காட்ட வேண்டும். மற்றொரு மொழியில் அங்கீகரிக்கப்பட்ட தேர்வு வழியாகவோ நான்காண்டுப் பாடத்தின் வழியாகவோ திறனை நிறுவ வேண்டும். மாணவர்கள் பலர் எழுதும் ஏ.பி. எனப்படும் கல்லூரிநிலைத் தேர்வுகளின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆயினும் பட்டியலுக்கு வெளியே உள்ள மொழிகளுக்கு வேறு தேர்வு வழியைச் சட்டம் திறந்து வைத்திருப்பதால், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகள் தமிழைக் காட்டி இம்முத்திரையைப் பெறுகின்றனர். மொழிப் பட்டியல் ஒருபோதும் மூடப்பட்டதாக இருக்கக் கூடாது என்பது இதில் கற்க வேண்டிய முதற்பாடம்.

இரண்டாம் பாடம் ஒரு குறையிலிருந்து வருகிறது. ஆங்கில வீட்டிலிருந்து வந்து பள்ளியில் ஸ்பானியம் படித்தவருக்கு முத்திரை எளிதாகக் கிடைப்பதாகவும், ஸ்பானிய வீட்டிலிருந்து வந்தவர் பல இடங்களில் விடுபட்டுப் போவதாகவும் அமெரிக்க ஆய்வாளர்களே சுட்டியுள்ளனர். வசதியான பள்ளியில் வேற்றுமொழிப் பாடம் இருக்கிறது. ஏழைப் பள்ளியில் இல்லை. சான்றின் வடிவம் கவனமாக அமையாவிட்டால், ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுக்கு அது அரசு முத்திரை குத்திவிடும்.

திருமுல்லைவாயிலின் மொழிச்சூழல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 88 விழுக்காடு. தெலுங்கைக் கொண்டோர் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. திருவள்ளூர் மாவட்டம் எல்லை மாவட்டம். 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த திருத்தணிப் பகுதி இம்மாவட்டத்தில் இருக்கிறது. அங்கு தெலுங்கு பேசுவோர் வந்தேறிகள் அல்லர். எல்லைக்கோடுதான் இடம் மாறியது.

மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் மொழிகளைக் கொண்டுவந்தவை தொழிலும் பாதுகாப்புத் துறையும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது; 1964-இல் அடுத்துள்ள அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது; படைத்துறை உடைத் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் அருகருகே உள்ளன. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, சி.டி.எச். சாலை எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையும் புறநகர் ரயில் பாதையும் கடந்து செல்லும் திருமுல்லைவாயிலில், மலையாளமும் தெலுங்கும் உருதும் இந்தியும் பேசும் குடும்பங்கள் தலைமுறை கண்டுவிட்டன. அண்மை ஆண்டுகளில் ஒடியாவும் வங்காளமும் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்துள்ளன.

இக்குடும்பங்களில் பிள்ளைகள் செய்யும் மொழிப்பணி உற்றுநோக்கத் தக்கது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஒடியாத் தொழிலாளி ஒருவருடன் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வருகிறாள் என்று கொள்வோம். மருத்துவர் தமிழில் சொல்வதைக் கேட்டு, சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் மருந்துப் பெயரைப் படித்து, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அப்பாவுக்கு ஒடியாவில் விளக்குகிறாள். அவர் கேட்பதைத் தமிழில் மருத்துவரிடம் திருப்பிக் கேட்கிறாள். மூன்று மொழிகள், பிழை நேர்ந்தால் உடல்நலத்தைப் பாதிக்கும் பொறுப்பு. நான்காண்டுகள் கழித்து அவள் வாங்கும் மதிப்பெண் சான்றிதழில் ஒடியா என்ற சொல்லே இருக்காது.

இருக்கும் சான்றுகள் எதை அளக்கின்றன?

தமிழ் கற்றல் சட்டம் 2006, பத்தாம் வகுப்பு வரை தமிழைப் பகுதி 1-ஆகவும் ஆங்கிலத்தைப் பகுதி 2-ஆகவும் கட்டாயமாக்கி, மற்றத் தாய்மொழிகளுக்குப் பகுதி 4-இல் விருப்பப் பாடமாக இடம் தந்தது. சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அம்மொழிக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் அந்த இடம் வெற்றிடமே. மேல்நிலைக்குப் போனதும் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று பிரெஞ்சையோ சமஸ்கிருதத்தையோ பகுதி 1-இல் எடுப்போர் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மொத்த மதிப்பெண் மீதான மோகம் அப்படி ஓட வைக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணை மொழித்திறனின் அளவாக ஏற்க இயலாது.

பள்ளிக்கு வெளியே, தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகள் உள்ளன. 1918-இல் காந்தியின் முயற்சியால் தொடங்கி, 1964-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட சபா அது. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாக ஏறும் அத்தேர்வுகளுக்குப் புறநகர்த் தெருக்களில் மாலை நேர டியூஷன் நடக்கிறது. கட்டாயம் ஏதுமின்றித் தம் விருப்பத்தால் ஒரு மொழியைப் படித்துச் சான்று பெறும் வழக்கம் இங்கே ஏற்கெனவே உண்டு என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவ்வழி ஒரே மொழிக்கு, அதுவும் கட்டணம் செலுத்த இயன்றவருக்கு.

மாநில அரசு நடத்தும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில், பதினோராம் வகுப்பு மாணவர் 1,500 பேர் தேர்வு பெற்று, மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் உதவித்தொகை பெறுகின்றனர். போற்றத்தக்க திட்டம். ஆயினும் அது போட்டித் தேர்வு. 1,501-ஆவது இடத்தில் நிற்பவரின் தமிழுக்கு அதில் சான்று இல்லை. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு வேலைவாய்ப்பு முன்னுரிமையும் பயிற்றுமொழியைப் பார்க்கிறதே ஒழிய, மொழித்திறனை அளப்பதில்லை. ஆக, மதிப்பெண்ணுக்கும் தரவரிசைக்கும் பயிற்றுமொழிக்கும் சான்று இருக்கிறது. திறனுக்கு இல்லை.

இரு மறுப்புகள்

மும்மொழிக் கொள்கையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரும் ஏற்பாடு இது என்பது முதல் மறுப்பு. 1968 சனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் தொட்டு, இருமொழிக் கொள்கை தமிழ்நாட்டின் உறுதியான நிலைப்பாடு. இந்த அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதனாலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திணிப்பு என்பது தெரியாத மொழியைப் படிக்கச் சொல்வது. சான்று என்பது தெரிந்த மொழியை ஏற்பது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வல்லவருக்கும் இச்சான்று முழுமையாகக் கிடைக்கும். மூன்றாம் மொழி இல்லாததால் எவருக்கும் எதுவும் குறையாது. இன்னும் சொல்வதானால், 'இரண்டு மொழிகள் போதும்' என்ற வாதத்துக்கு, அவ்விரண்டிலும் நம் மாணவர் உண்மையில் வல்லவர் என்ற சான்றைவிட வலுவான துணை வேறில்லை.

ஏற்கெனவே தேர்வுகளால் களைத்த பிள்ளைகளுக்கு இன்னொரு தேர்வா என்பது இரண்டாம் மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. இச்சான்று உயர்கல்விச் சேர்க்கையின் கட்-ஆஃப் கணக்கில் சேருமானால், அடுத்த ஆண்டே கோச்சிங் சென்டர்கள் முளைக்கும். எனவே இதில் மதிப்பெண்ணும் கூடாது, முதலிடமும் கூடாது. நிலையை எட்டியவர் அனைவருக்கும் சான்று, எட்டாதவர் மறுபடி வரலாம், கட்டணம் இல்லை.

முன்மொழிவு

அமெரிக்க முத்திரை இரு மொழிகளிலும் எழுத்தறிவைக் கட்டாயமாக்குகிறது. அதை அப்படியே இங்கு எடுத்தாண்டால், மேலே கண்ட ஒடியாச் சிறுமி முதல் படியிலேயே விழுந்துவிடுவாள். அவளுக்கு ஒடியா எழுத்தைச் சொல்லித்தரப் பள்ளியில் ஆளில்லை. அக்குறைக்கு அவள் பொறுப்பாக முடியாது. ஆகவே கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் தனித்தனியே அளந்து, தனித்தனியே பதிய வேண்டும். ஐரோப்பியப் பேரவை 2001-இல் வெளியிட்ட ஆறு படிநிலை மொழிச் சட்டகம் இவ்வாறு திறன்வாரியாக அளப்பதற்கு வழிகாட்டுகிறது. ஒடியா பேச்சில் உயர்நிலை, எழுத்தில் தொடக்கநிலை என்று எழுதுவது அவளுக்கு உண்மையான சான்று. எந்தப் பள்ளிக்கு எந்த மொழி ஆசிரியர் தேவை என்று கல்வித்துறைக்கும் அது காட்டித்தரும்.

அளப்பதற்கான அமைப்புகள் புதிதாக வேண்டியதில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாநிலமெங்கும் தேர்வு நடத்தும் பழக்கமுடையது. 1969-இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இந்திய மொழிகளில் மதிப்பீட்டுக் கருவிகளை உருவாக்கும் அனுபவம் உடையது. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடியாப் பாடநூல்களைக் கொண்டு வகுப்பு நடத்திய முன்னனுபவமும், புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்கான 'தமிழ் மொழி கற்போம்' திட்டமும் கைவசம் உள்ளன.

சான்றுக்குப் பயனும் இருக்க வேண்டும். இலங்கையில் 2007-இன் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகப் பணியில் சேரும் அரசு ஊழியர் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாவது ஆட்சிமொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. பணியில் சேர்ந்தபின் கற்பிப்பதைவிட, பள்ளியிலேயே உள்ள திறனை அறிந்து பயன்படுத்துவது எளிது. மருத்துவமனை உதவி மையம், தொழிலாளர் துறை, ரயில்வே, காவல் நிலைய வரவேற்பு ஆகியவற்றில் இச்சான்று கூடுதல் தகுதியாக ஏற்கப்பட்டால், பெற்றோர் அதன் மதிப்பை உடனே உணர்வார்கள்.

முடிவுரை

மொழிக்காகப் போராடிய மாநிலம் தமிழ்நாடு. தாய்மொழி உரிமை என்று நாம் தில்லியிடம் கேட்டதை, நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் தெலுங்கு, உருது, மலையாள, ஒடியாப் பிள்ளைகளுக்குத் தருவது அக்கொள்கையின் இயல்பான அடுத்த படி. அமெரிக்காவில் தமிழுக்கு முத்திரை கிடைக்கும்போது மகிழும் நாம், இங்கே மற்றவர் மொழிக்கும் நம் தமிழுக்கும் அதே மரியாதையைச் செய்யக் கடமைப்பட்டவர்கள். எல்லைக் கிராமங்களையும் தொழிற்பேட்டைகளையும் ஒருங்கே கொண்ட திருவள்ளூர் மாவட்டத்தின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதலில் இதைச் செயல்படுத்தி, கிடைக்கும் முடிவுகளைப் பொதுவில் வைத்து, பிறகு மாநிலமெங்கும் விரிப்பதே முறையான தொடக்கமாகும்.