புரொஜெக்டரில் வீடியோ கேம்... கேபிள் வாங்கும் முன் டேப் எடுத்து அளந்துட்டீங்களா?

ஹால் சுவர் முழுக்க 100 இஞ்சில் கிரிக்கெட் கேமோ, கார் ரேஸோ ஆடும் ஆசை இப்போது நிறைய வீடுகளில் வந்துவிட்டது. கன்சோலுக்கும் புரொஜெக்டருக்கும் மாதக்கணக்கில் விலை விசாரிக்கிறோம், யூடியூபில் ரிவ்யூ பார்க்கிறோம். இரண்டையும் இணைக்கிற கேபிளை மட்டும் கடைசி நாளில், ``அண்ணே, ஒரு நல்ல எச்.டி.எம்.ஐ கேபிள் குடுங்க'' என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம்.

டி.வி-க்கு இது போதும். கன்சோல் டி.வி-க்குக் கீழேயே இருக்கும், ஒரு மீட்டர் தூரம்தான். புரொஜெக்டர் கதை வேறு. அது சீலிங்கில் தொங்கும், கன்சோல் எதிர்ச் சுவரில் திரைக்குக் கீழே இருக்கும். கேபிள் தரையிலிருந்து மேலே ஏறி, சீலிங் வழியாகப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தூரத்துக்குத் தப்பான கேபிளை வாங்கி, அதைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிட்டால், பிறகு சுவரை உடைத்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அதனால், கடைக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் கன்சோல் எவ்வளவு தருகிறது, புரொஜெக்டர் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது, நடுவில் எவ்வளவு தூரம்.

கன்சோலும் புரொஜெக்டரும் என்ன கேட்கின்றன?

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே படத்தை நொடிக்கு 120 ஃபிரேம் வரை அனுப்பக்கூடியவை. சாதாரண பிளேஸ்டேஷன் 4, முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவை அதிகபட்சம் 1080பி-தான் தரும். ஸ்விட்ச் லைட் என்றால் கேபிளே தேட வேண்டாம். அதைப் பெரிய திரையில் இணைக்கும் வசதியே கிடையாது.

அடுத்து புரொஜெக்டர். பெட்டியின்மேல் `4கே சப்போர்ட்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 4கே சிக்னலை வாங்கிக்கொண்டு, அதைச் சுருக்கி 1080பி-யாகக் காட்டும் புரொஜெக்டர்கள் ஏராளம். விவரப் பட்டியலில் `நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியில் 1920 x 1080 என்று இருந்தால் அது 1080பி புரொஜெக்டர். அதற்கு 4கே 120-க்கான கேபிளை வாங்குவது வீண் செலவு. புரொஜெக்டரில் இரண்டு எச்.டி.எம்.ஐ போர்ட் இருந்தால், இரண்டும் ஒரே திறன்தானா என்று கையேட்டில் பாருங்கள். சில மாடல்களில் ஒன்று மட்டுமே 4கே 60-ஐ முழுதாக ஏற்கும்.

கன்சோல், புரொஜெக்டர் இரண்டில் எது குறைந்த திறனோ, அதற்கேற்ற கேபிள் போதும்.

கேபிளில் எத்தனை ரகம்?

கடையில் `2.0 கேபிள்', `2.1 கேபிள்' என்பார்கள். அந்த நம்பர்கள் உண்மையில் கருவிகளுக்கானவை. கேபிளைப் பொறுத்தவரை அதன் ரகத்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

ஹை ஸ்பீடு: நொடிக்கு சுமார் 10 ஜிகாபிட் தாங்கும். 1080பி 60-க்குத் தேவை சுமார் 4.5 ஜிகாபிட்தான். 1080பி 120-க்குக்கூட 9 ஜிகாபிட்டுக்குள் முடிந்துவிடும். எனவே 1080பி புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே தாராளம்.

பிரீமியம் ஹை ஸ்பீடு: 18 ஜிகாபிட். 4கே 60-க்கு ஏறக்குறைய இவ்வளவும் தேவைப்படும். 4கே ஹோம் புரொஜெக்டர் பலவற்றுக்கு இந்த ரகம் சரி.

அல்ட்ரா ஹை ஸ்பீடு: 48 ஜிகாபிட். 4கே 120-க்கு இதுதான் வேண்டும். பிளேஸ்டேஷன் 5, சீரிஸ் எக்ஸ் இரண்டின் பெட்டியிலும் இந்த ரகக் கேபிள் கூடவே வருகிறது. டீப்பாய் மேல் வைக்கும் சின்ன புரொஜெக்டர் என்றால் அந்தக் கேபிளே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

பிரீமியம், அல்ட்ரா இரண்டுக்கும் பெட்டியில் சான்று ஸ்டிக்கர் இருக்கும். அதற்கென உள்ள மொபைல் ஆப்பில் ஸ்கேன் செய்தால் அசலா, போலியா என்று தெரிந்துவிடும். ஒரே பிராண்டில் 2 மீட்டர் கேபிள் சான்று வாங்கியிருக்கிறது என்பதற்காக 10 மீட்டரும் அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. நீங்கள் வாங்கும் நீளத்தின் பெட்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

`தங்க முலாம் பூசியது, படம் பளிச்சுனு வரும்' என்பதை நம்ப வேண்டாம். முலாம், முனை துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். இது டிஜிட்டல் சிக்னல். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், விலை குறைந்த கேபிளிலும் விலை உயர்ந்த கேபிளிலும் ஒரே படம்தான் தெரியும்.

தூரத்தை எப்படி அளப்பது?

கண்ணால் பார்த்து, `பத்தடி இருக்கும்' என்று முடிவு செய்யாதீர்கள். கேபிள் குறுக்கே பறந்து போகாது, சுவரை ஒட்டித்தான் போகும். ஓர் உதாரணம்: கன்சோல் ஸ்டாண்டிலிருந்து சுவரின் ஓரத்துக்கு 3 அடி, அங்கிருந்து சீலிங்குக்கு 8 அடி, சீலிங்கில் புரொஜெக்டர் வரை 11 அடி, இரண்டு முனையிலும் தளர்வாக விட 3 அடி. மொத்தம் 25 அடி, அதாவது ஏழரை மீட்டருக்கும் கொஞ்சம் மேல். `பத்தடி' என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்கு 8 மீட்டர் கேபிள் வேண்டியிருக்கிறது!

செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட சிக்னல் பலவீனமாகும். வேகம் அதிகமானால் இன்னும் சீக்கிரம் பலவீனமாகும். தோராயக் கணக்கு இது: 1080பி-க்கு 10 மீட்டர் வரை நல்ல செம்புக் கேபிள் தாக்குப்பிடிக்கும். 4கே 60-க்கு 5 மீட்டரைத் தாண்டினாலே கவனம் தேவை. 4கே 120-க்கு 3 மீட்டருக்குள் இருப்பது நிம்மதி. இரண்டு சின்னக் கேபிளை ஜாயின்டர் போட்டு நீட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் சிக்னல் கொஞ்சம் இழக்கும்.

தூரம் அதிகமாக இருந்தால்?

இரண்டு வழி உண்டு. முதல் வழிக்குப் பெரிய செலவில்லை: கேபிளை நீட்டாமல், கன்சோலை நகர்த்துங்கள். கன்ட்ரோலர்தான் வயர்லெஸ் ஆயிற்றே! கன்சோல் திரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சோபாவுக்குப் பின்னால், புரொஜெக்டருக்கு அருகில் ஒரு ஷெல்ஃப் அடித்து அதில் வைத்துவிட்டால் 2 மீட்டர் கேபிளோடு வேலை முடிந்தது. கன்சோலைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கட்டும், மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ கேபிள். உள்ளே கண்ணாடி இழை வழியாக ஒளியாகச் சிக்னல் போவதால் 10, 15 மீட்டருக்கும் பலவீனமாகாது. விலை கூடுதல். வாங்கும்போது அது 18 ஜிகாபிட்டா, 48 ஜிகாபிட்டா என்று கேளுங்கள். இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, இதற்குத் திசை உண்டு. `சோர்ஸ்' என்று எழுதிய முனை கன்சோலுக்கு, `டிஸ்பிளே' என்று எழுதிய முனை புரொஜெக்டருக்கு. மாற்றிச் சொருகினால் படம் வராது. இன்னொன்று, மூலையில் கறாராக மடக்கினால் உள்ளே இழை உடைந்துவிடும். வளைவாகவே கொண்டுபோக வேண்டும்.

வயர்லெஸ் எச்.டி.எம்.ஐ கருவிகள் சினிமா பார்க்கப் பரவாயில்லை. கேமுக்கு யோசித்து வாங்குங்கள். 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 17 மில்லி செகண்ட். நடுவில் தாமதம் சேர்ந்தால், பட்டனை அழுத்திய பிறகுதான் பேட்ஸ்மேன் மெதுவாக மட்டையைச் சுழற்றுவார். கேபிளில் அப்படி உணரக்கூடிய தாமதம் இருக்காது.

சுவருக்குள் கேபிள் கொண்டுபோகிறீர்களா?

வீடு கட்டும்போதோ, ஃபால்ஸ் சீலிங் போடும்போதோ கேபிளை மட்டும் வைத்துப் பூசிவிடாதீர்கள். குழாய் வைத்து அதற்குள் கேபிள் போகட்டும். எலெக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் முக்கால் இஞ்ச் குழாயில் எச்.டி.எம்.ஐ முனை நுழைவது சிரமம். ஒன்றரை இஞ்ச் குழாய் கேளுங்கள். திருப்பங்களில் செங்குத்தான எல்போ வேண்டாம், நீண்ட வளைவாக இருக்கட்டும். உள்ளே ஓர் இழுகம்பியையும் விட்டுவையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் புதுக் கேபிள் தேவைப்பட்டால் அந்தக் கம்பியில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கரன்ட் வயர் போகும் குழாயில் இதைச் சேர்க்கக் கூடாது.

முக்கியமாக, குழாய்க்குள் விடும் முன்பே கேபிளைத் தரையில் விரித்துப்போட்டு, இரு பக்கமும் சொருகி, ஒரு மணி நேரம் கேம் ஆடிப் பாருங்கள். கடையில் மாற்றிக்கொள்ளும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

பழைய புரொஜெக்டர், பழைய கன்சோல்

அலுவலகத்திலிருந்து வந்த பழைய புரொஜெக்டர்களில் வி.ஜி.ஏ போர்ட் மட்டும் இருக்கலாம். இதற்கு வெறும் கேபிள் உதவாது, எச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். வி.ஜி.ஏ-வில் சத்தம் போகாது. எனவே 3.5 மி.மீ ஆடியோ ஓட்டை உள்ள கன்வெர்ட்டராக வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் செட்டிங்ஸில் எச்.டி.சி.பி என்ற காப்புப் பூட்டை அணைத்தால்தான் சில கன்வெர்ட்டர்களில் படம் வரும். அணைத்தால் ஓ.டி.டி ஆப்கள் ஓடாது, கேம் ஓடும்.

பரணில் பிளேஸ்டேஷன் 2 கிடக்கிறதா? அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி கேபிள்தான். புதுப் புரொஜெக்டரில் அந்த ஓட்டைகள் இல்லையென்றால் `ஏ.வி டு எச்.டி.எம்.ஐ' கன்வெர்ட்டர் கேளுங்கள். `எச்.டி.எம்.ஐ டு ஏ.வி' என்பது எதிர்த்திசைக்கானது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கிவிடுகிறவர்கள் அதிகம்.

சத்தத்துக்கு என்ன வழி?

எச்.டி.எம்.ஐ-யில் படத்தோடு சத்தமும் புரொஜெக்டருக்கே போய்விடும். அதன் ஸ்பீக்கர் பெரும்பாலும் சுமார்தான். புரொஜெக்டரில் ஹெட்போன் ஓட்டை இருந்தால் சாதாரண ஆக்ஸ் கேபிளில் ஸ்பீக்கரை இணைக்கலாம். சவுண்டுபார் வழியாகப் படத்தைக் கொண்டுபோவதானால், அதன் எச்.டி.எம்.ஐ இன், அவுட் இரண்டும் 4கே 60-ஐக் கடத்துமா என்று பாருங்கள். இரவில் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாமென்றால், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலேயே உள்ள ஓட்டையில் ஹெட்போனைச் சொருகிவிடலாம்.

படம் விட்டுவிட்டு வருகிறதா?

திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, அவ்வப்போது ஒரு நொடி கறுத்துப்போனாலோ முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கன்சோலில் 1080பி-க்கு மாற்றிப் பாருங்கள். அதில் சரியாக வந்து 4கே-யில் மட்டும் தகராறு என்றால், கேபிள் அந்த வேகத்துக்குப் போதவில்லை. பிளேஸ்டேஷன் 5-ல் வீடியோ அவுட்புட் பகுதியில் `4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதை -1, -2 என்று குறைத்தால் கேபிள் மாற்றாமலே சமாளிக்க முடிகிறதா என்று தெரியும்.

படமே வரவில்லையா? கன்சோலின் பெட்டியில் வந்த சின்னக் கேபிளால் நேரடியாக இணைத்துப் பாருங்கள். அதில் வந்தால் கன்சோல், புரொஜெக்டர் இரண்டும் நலம். நீளக் கேபிளைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேபிளைச் சொருகும்போதும் கழற்றும்போதும் இரண்டு கருவியின் பவரையும் அணைத்துவிடுங்கள். சீலிங்கில் கேபிளின் எடை முழுவதும் போர்ட்டில் தொங்காமல், பக்கத்திலேயே ஒரு கிளிப் போட்டுப் பிடித்துவையுங்கள். போர்ட் ஆட்டம் கண்டுவிட்டால் ரிப்பேர் செலவு கேபிள் விலையைவிடப் பல மடங்கு.

இனி கடைக்குப் போகும்போது, ``நல்ல கேபிள் குடுங்க'' என்று கேட்காதீர்கள். ``4கே 60, எட்டு மீட்டர், ஓடலைன்னா மாத்தித் தருவீங்களா?'' என்று கேளுங்கள். கடைக்காரரும் சரியானதை எடுத்துக் கொடுப்பார்.