ஒலியின் கூட்டலும் கழித்தலும்

மாந்தர்க்குச் செவிகள் இரண்டு. இடப்புறம் எழும் ஓசை இடச்செவியை முதலில் சேர்கின்றது. வலச்செவியைச் சேர்வதற்குள் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த காலம் கழிகின்றது. இச்சிறு கால வேறுபாட்டையும் ஓசையின் வலிமையில் தோன்றும் வேறுபாட்டையும் துணைக்கொண்டே, குயில் கூவியது எத்திசையிலிருந்து என்பதைக் கண்மூடிய நிலையிலும் மனிதன் உணர்கின்றான். இயற்கை அளித்த இவ்வாற்றலைக் கருவிக்குள் கொண்டுவர அறிஞர் எடுத்த முயற்சியே 'ஸ்டீரியோ' எனப்படும் இருதட ஒலியின் வரலாறாகும்.

இன்று கணினியில் குரலைப் பதிந்து கோப்பாக வெளியிடுவோர் பலர். அவர்களுள் சிலர் வியப்பும் வருத்தமும் ஒருங்கே அடைகின்றனர். குரல் ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கின்றது. காதொலிப்பானில் தெளிவாகக் கேட்ட பேச்சு, ஒற்றை ஒலிபெருக்கியில் முற்றும் மறைந்துவிடுகின்றது. முதியவரின் குரல் சிறுவரின் குரல்போல் ஓடுகின்றது. இவையெல்லாம் கருவியின் கோளாறுகள் தாமா? அல்ல. இவற்றின் காரணங்களை ஒலிப்பதிவின் வரலாற்றிலேயே காணலாம்.

பாரிசில் தோன்றிய விதை

1881-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் அனைத்துலக மின்னியற் பொருட்காட்சி நடைபெற்றது. கிளெமான் அடெர் என்னும் பொறியாளர், பாரிஸ் இசைநாடக அரங்கின் மேடையோரத்தில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்து, அவற்றின் கம்பிகளைக் காட்சி மண்டபம் வரை கொண்டுசென்றார். வந்தவர்கள் இரு செவிகளிலும் இரு கேட்பான்களை வைத்துக் கேட்டனர். பாடுபவர் மேடையில் இடம்பெயர்வதைக் காணாமலே அவர்கள் உணர்ந்தனர். எனினும் அவ்வொலியைப் பதிந்துவைக்கும் வழி அன்று இல்லை.

புளூம்லீன் கண்ட நெறி

அவ்வழியை வகுத்தவருள் தலையாயவர் ஆலன் டவர் புளூம்லீன். 1903-இல் இலண்டனில் பிறந்த இப்பொறியாளர் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றினார். திரைப்படம் ஒன்றைக் காணச் சென்றபோது, நடிகர் திரையின் ஓரத்திற்கு நடந்தும் குரல் ஒரே இடத்திலிருந்து வருவதை அவர் தம் மனைவியிடம் சுட்டிக்காட்டினார் என்று கூறுவர். 1931 டிசம்பரில் அவர் அளித்த காப்புரிமை விண்ணப்பம் 70 கோரிக்கைகளைக் கொண்டது. 1934-இல் இலண்டன் ஏபி ரோடு பதிவரங்கில், சர் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட்டின் இசைக்கோவை இம்முறையிற் பதியப்பட்டது.

புளூம்லீனின் சிந்தனையில் ஒரு நுட்பம் உண்டு. இடத்தடம், வலத்தடம் என்னும் இரண்டையும் வேறொரு வகையிலும் எழுதலாம் என்பதே அது. இரண்டையும் கூட்டினால் வருவது ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவது இன்னொன்று. கூட்டுத்தொகையில் பொதுவான ஒலி முழுமையும் இருக்கும். வேறுபாட்டில் திசையைக் காட்டும் குறிப்பு இருக்கும். இவ்விரண்டும் கையில் இருப்பின் இடத்தையும் வலத்தையும் மீண்டும் பெற்றுவிடலாம். பள்ளி மாணவர் அறிந்த எளிய கணக்கே இது.

இக்கணக்கின் பயன் பின்னரே உலகிற்கு விளங்கிற்று. 1958-இல் விற்பனைக்கு வந்த இருதட இசைத்தட்டுகளில், பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் அமைந்து, சுவருக்கு ஒரு தடத்தைத் தாங்கின. முள்ளின் பக்கவாட்டு அசைவு கூட்டுத்தொகை. மேல்கீழ் அசைவு வேறுபாடு. ஆதலின் பக்கவாட்டு அசைவை மட்டும் அறியும் பழைய அமைப்பிலும் பாடல் குறைவின்றி ஒலித்தது. 1961-இல் அமெரிக்கா ஏற்ற எஃப்.எம். இருதட வானொலி முறையும் இதே நெறியைப் பின்பற்றிற்று.

இவற்றைக் காணும் பேறு புளூம்லீனுக்குக் கிட்டவில்லை. 1942 ஜூன் 7-ஆம் நாள், போர்க்காலத்தில் ரேடார் கருவியைச் சோதித்த விமானம் வீழ்ந்து நொறுங்கியது. அதில் மாண்ட பதினொருவருள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 38.

மறையும் குரல்

கூட்டற் கணக்கு அறிந்தோர்க்குக் குரல் மறையும் புதிர் எளிதில் விளங்கும். ஒரு தடத்தின் அலை மேலெழும்போது மற்றதன் அலை அதே அளவு கீழிறங்குமாயின், இரண்டின் கூட்டுத்தொகை யாது? பூச்சியம். காதொலிப்பானில் இரு தடங்களும் தனித்தனியே செவிகளை அடைவதால் குரல் கேட்கின்றது. ஒற்றை ஒலிபெருக்கி இரண்டையும் கூட்டுவதால் குரல் அழிகின்றது.

இது எவ்வாறு நேர்கின்றது? தொழில்முறை ஒலிவாங்கிகள் பல, வழியில் புகும் இரைச்சலை நீக்கும்பொருட்டு, ஒரே குரலை ஒரு கம்பியில் நேராகவும் மறு கம்பியில் தலைகீழாகவும் அனுப்பும். அக்கம்பிகளை இருதட நுழைவாயிலில் நேரே செருகினால் நேரலை ஒரு தடத்திலும் தலைகீழ் அலை மறுதடத்திலும் பதியும். ஒரு தடத்தின் அலையை மட்டும் புரட்டிவிட்டாலோ, ஒரு தடத்தை மட்டும் கொண்டு ஒற்றைத்தடக் கோப்பாக வெளியிட்டாலோ குரல் மீளும்.

குரல் ஒரு பக்கத்தில் மட்டும் கேட்பதற்குக் காரணம் வேறு. ஒற்றை ஒலிவாங்கி இருதடப் பதிவின் இடத்தடத்தை மட்டும் நிரப்ப, வலத்தடம் வெறுமையாய் நிற்கின்றது. நிறைந்த தடத்தை மட்டும் எடுத்து ஒற்றைத்தடமாக்குவதே முறை. வெறுமையான தடத்தோடு கலந்து சராசரி கண்டால் ஒலியளவு பாதியாகும்.

ஒலி எண்ணான காலம்

1937-இல் பாரிசில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஒலியலையை இடைவிடாது அளந்து எண்களாக அனுப்பும் முறையைக் கண்டார். அதுவே மின்னிலக்க ஒலியின் அடித்தளம். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், ஒவ்வொரு தடமும் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. அப்படிகளின் எல்லையைக் கடக்கும் உரத்த ஒலி, முகடு வெட்டுண்டு கரகரக்கும்.

44,100 என்னும் எண் ஏன் வந்தது? தொடக்கத்தில் மின்னிலக்க ஒலியை ஒளிநாடாவில் சேமித்தனர். கோட்டுக்கு 3 அளவுகள், புலத்துக்கு 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள்: பெருக்கினால் 44,100. படத்துறையோ 48,000-ஐக் கைக்கொண்டது. 44,100-இல் பதிந்த குரலை 48,000 எனக் கொண்டு இயக்கினால், பேச்சு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரையும், சுருதியும் உயரும்.

இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கவே கோப்பு வடிவங்கள் தோன்றின. 1991-இல் மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். நிறுவனங்கள் வகுத்த 'வேவ்' கோப்பின் தலைப்பகுதியில் தடங்கள் எத்தனை, நொடிக்கு எத்தனை அளவுகள் என்பன எழுதப்பட்டிருக்கும். மருந்துக் குப்பியின் மேல் ஒட்டிய சீட்டைப் போன்றது அது. சீட்டுத் தவறாயின், ஒற்றைத்தட ஒலி இருதடமெனக் கொள்ளப்பட்டு இருமடங்கு வேகத்தில் ஓடும். ஒலியில் பிழையில்லை, சீட்டில்தான் பிழை.

சுருக்கமும் இழப்பும்

குறுந்தட்டின் ஒலி நொடிக்கு 14,11,200 எண்குறிகளைக் கொள்ளும். இப்பெருக்கைச் சுருக்க ஜெர்மானிய அறிஞர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் பிறரும் உழைத்தனர். செவி பொருட்படுத்தாத நுண்ணொலிகளை விலக்கும் 'எம்.பி.3' முறை 1993-இல் அனைத்துலகத் தரமாக வெளியாயிற்று. சூசன் வேகா துணைக்கருவியின்றிப் பாடிய ஒரு பாடலை உரைகல்லாகக் கொண்டு பிராண்டன்பர்க் அதனைச் செம்மைப்படுத்தினார். தொடக்கத்தில் அத்தனிக்குரல் சிதைந்து ஒலித்ததே காரணம். தனித்து நிற்கும் மனிதக் குரலில் குறை உடனே தெரிந்துவிடுகின்றது.

இம்முறையும் இரு தடங்களின் பொதுமை மிகும்போது கூட்டுத்தொகையையும் வேறுபாட்டையும் எழுதி இடத்தை மிச்சப்படுத்த வல்லது. இசைத்தட்டின் பள்ளத்தில் வாழ்ந்த கணக்கு கணினிக் கோப்பிலும் தொடர்கின்றது.

ஆயினும் விலக்கியது விலக்கியதே. எம்.பி.3 கோப்பை மீண்டும் வேவ் ஆக்கினால் கோப்பு பருக்கும். இழந்த ஒலி திரும்பாது. திருத்தித் திருத்தி மீண்டும் சுருக்குந்தோறும் இழப்பு பெருகும். ஆகவே மூலப்பதிவை வேவ் வடிவிலோ, 2001-இல் வெளிவந்த இழப்பில்லா 'ஃபிளாக்' வடிவிலோ காத்து, பிறர்க்கு வழங்கும் படியை மட்டும் சுருக்குவதே அறிவுடைமை.

முடிவுரை

ஒரு பாட்டியின் தாலாட்டையோ ஓர் ஆசிரியரின் பாடத்தையோ பதிந்தவர், கோப்பை வெளியிட்டபின் அதனை இருமுறை கேட்டல் வேண்டும்: ஒருமுறை காதொலிப்பானில், ஒருமுறை ஒற்றை ஒலிபெருக்கியில். மறைந்த குரலை இன்று கண்டால் இன்றே மீட்கலாம். மூலத்தை அழித்தபின், பாடியவரும் மறைந்தபின் கண்டால் எவராலும் மீட்க இயலாது. புளூம்லீன் உலகிற்கு விட்டுச்சென்ற கணக்கு மிக எளியது. அதை மறந்தோர்க்கு நேரும் இழப்போ பெரிது.