அரசன் இறந்தான், வானில் மேகம்

(இணையவழி இலக்கிய அரங்கில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிட்னியிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் சிலர் இணைந்திருப்பதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அங்கே இப்போது என்ன நேரம் என்று யோசித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. முடிந்தவரை சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன்.

அலெக்சாண்டரைப் பற்றிப் பேச நீ யார் என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. நான் வரலாறு படித்தவள் அல்ல. செவிலியர் பட்டயம் வாங்கி, லண்டனில் ஆஸ்பத்திரி வேலை பார்ப்பவள். சில மாதங்களுக்கு முன் இங்கே ஒரு நல்லடக்கத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கம் செய்தவர் அலெக்சாண்டரின் மூன்று கடைசி ஆசைகளைச் சொன்னார். உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். என் சவப்பெட்டியை மருத்துவர்கள் சுமக்க வேண்டும், வழியெல்லாம் பொன்னும் மணியும் இறைக்க வேண்டும், என் கைகள் வெறுமையாக வெளியே தொங்க வேண்டும் என்று உலகை வென்றவன் கேட்டானாம். நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும், எந்த நூலில் இருக்கிறது என்று தேடினேன். ஏரியன், புளூட்டார்க், டியோடோரஸ், கர்ட்டியஸ், ஜஸ்டின் என்று பழைய ஆசிரியர்கள் ஐந்து பேரின் நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஐவரிடமும் இந்தக் கதை இல்லை.

இப்படித்தான் இந்தப் பேச்சு தொடங்கியது. வெற்றி, துணிவு, புகழ், சாவு பற்றியெல்லாம் அலெக்சாண்டர் சொன்னதாக எத்தனையோ பொன்மொழிகள் சுற்றுகின்றன. வெல்ல இனி உலகமில்லையே என்று அழுதான் என்பது அதில் ஒன்று. புளூட்டார்க் சொல்வதோ இதற்கு நேர்மாறு. உலகங்கள் எண்ணற்றவை என்று ஒரு தத்துவ அறிஞர் சொன்னதைக் கேட்டு அவன் அழுதானாம், அவற்றில் ஒன்றைக்கூட இன்னும் முழுமையாக வெல்லவில்லையே என்று. திருப்தியடைந்த ஒருவனின் அழுகை அல்ல அது. பசி அடங்காதவனின் அழுகை.

சொன்னதை நம்ப முடியாது என்றால் செய்ததைப் பார்க்கலாம். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாம் அதிகம் நம்பும் ஏரியன், அலெக்சாண்டர் இறந்து 400 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியவர். ஆனால் அவர் கையில், கூடவே போரிட்ட தாலமியும் கூடவே பயணித்த அரிஸ்டோபுலஸும் எழுதிய குறிப்புகள் இருந்தன. அந்த மூல நூல்கள் இன்று அழிந்துவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் தொந்தரவு செய்த பகுதி நம் பக்கத்தில்தான் நடக்கிறது. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸை வென்றாகிவிட்டது. பியாஸ் நதியில் வீரர்கள் இனி ஓர் அடிகூட எடுத்துவைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். எட்டு ஆண்டு நடை. வேறு வழியில்லாமல் திரும்புகிறான். திரும்பும் வழியில், ராவி நதிக்கரையில் மல்லி என்று கிரேக்கர்கள் குறிப்பிடும் மக்களோடு போர். இவர்கள்தான் நம் நூல்களில் வரும் மாளவர் என்று சொல்கிறார்கள். ஒரு கோட்டை. வீரர்கள் ஏணியைத் தூக்கி வருவதில் சுணக்கம் காட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஓர் ஏணியைப் பிடுங்கித் தானே ஏறுகிறான். பின்னால் வந்தவர்களின் பாரத்தில் ஏணிகள் முறிகின்றன. மதில்மேல் அரசனும் இரண்டு மூன்று பேரும் மட்டும். வெளியே குதித்தால் நம் ஆட்கள் தாங்கிப் பிடிப்பார்கள். அவன் உள்ளே குதித்தான்.

ஓர் அம்பு கவசத்தைத் துளைத்து நெஞ்சில் இறங்குகிறது. ஏரியன் எழுதுகிறார், காயத்திலிருந்து இரத்தத்தோடு மூச்சுக்காற்றும் வெளியே வந்தது என்று. இந்த வரியில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவசரப் பிரிவில் வேலை செய்த யாரும் இதை உடனே அடையாளம் காண்பார்கள். நெஞ்சுச்சுவரில் ஓட்டை விழுந்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் காற்று தவறான இடத்துக்குள் போகிற காயம். நுரையீரல் சுருங்கத் தொடங்கும். இன்றைக்கு மூன்று பக்கம் ஒட்டிய கட்டு, நெஞ்சுக்குள் ஒரு குழாய், ஆக்சிஜன் என்று ஓடுவோம். அங்கே கோஸ் தீவைச் சேர்ந்த கிரிட்டோடெமஸ் என்ற மருத்துவர் அம்பை வெட்டி எடுத்தார் என்கிறார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லை, பெர்டிக்காஸ் என்ற தளபதி வாளாலேயே கீறி எடுத்தார் என்று இன்னொரு கதை. இரத்தம் கொட்டியது. மயங்கினான். மயங்கியதால் இரத்தம் நின்றது என்கிறார் ஏரியன். இதுவும் சரிதான். இரத்த அழுத்தம் விழுந்தால் ஒழுக்கு குறையும். எழுதியவர் மருத்துவர் அல்ல, ஆனால் யாரோ நேரில் பார்த்துச் சொன்னது போலத்தான் இருக்கிறது.

மதிலுக்குள் அவனோடு நின்ற மூவரில் அப்ரியஸ் என்பவன் முகத்தில் அம்பு பட்டு இறந்தான். பியூசெஸ்டஸ், விழுந்துகிடந்த அரசன்மேல் கேடயத்தை விரித்துப் பிடித்தபடி நின்றான். அது டிராய் நகரக் கோவிலிலிருந்து எடுத்துவந்த கேடயம். அக்கிலீஸ் போரிட்ட அதே டிராய்.

இந்த இடத்தில் புகழைப் பற்றிப் பேச வேண்டும். தாய்வழியில் தான் அக்கிலீஸின் வம்சம் என்று அலெக்சாண்டர் நம்பினான். ஹோமரின் இலியட்டைக் கத்தியோடு சேர்த்துத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவானாம். கி.மு. 334இல் ஆசியாவில் கால்வைத்ததும் அக்கிலீஸின் கல்லறைக்குப் போனான். அவனைப் பாட ஹோமர் கிடைத்தாரே, அவன் பாக்கியசாலி என்று சொன்னானாம். நீண்டு வாழ்ந்து பெயரில்லாமல் போவதா, சீக்கிரம் செத்துப் பாட்டில் வாழ்வதா? அக்கிலீஸ் தேர்ந்ததைத்தான் அந்த மதிலின்மேல் இவனும் தேர்ந்தான். நமக்கு இது அந்நியமான எண்ணமும் இல்லை. விழுப்புண் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். ஓபிஸ் நகரில் கலகம் செய்த வீரர்கள் முன் அலெக்சாண்டர், என் உடம்பின் முன்பக்கத்தில் தழும்பில்லாத இடமில்லை, நீங்களும் துணியைக் களைந்து காட்டுங்கள் என்று சவால் விட்டதாக ஏரியன் ஓர் உரையை எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு வெண்ணிப் பறந்தலைதான் நினைவுக்கு வந்தது. கரிகாலனோடு போரிட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்டுவிட்டதே என்று நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூற்றில் அடுத்தடுத்து இரண்டு பாடல்கள் இதைப் பற்றியவை. அதில் ஒன்றைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார், மண்பாண்டம் செய்யும் குலத்துப் பெண். வென்ற கரிகாலனிடமே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். அலெக்சாண்டரின் அவையில் அப்படிக் கேட்டிருக்க முடியுமா? கிரானிக்கஸ் போரில் அவன் உயிரைக் காப்பாற்றிய கிளைட்டஸ், ஒரு குடிவிருந்தில் ஏறக்குறைய அதைத்தான் கேட்டார். உன் வெற்றி எங்கள் இரத்தம், உன் தந்தையின் உழைப்பு என்றார். கி.மு. 328, சமர்கண்ட். அரசன் ஈட்டியால் அவரைக் குத்திக் கொன்றான். பிறகு நாள்கணக்கில் சாப்பிடாமல் அழுதான்.

மறுபடி மாளவர் கோட்டைக்கு வருகிறேன். அரசன் விழுந்ததைக் கண்ட மாசிடோனிய வீரர்கள் உள்ளே புகுந்து அத்தனை பேரையும் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. ஏரியன் இதை ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறார். அம்பு எடுத்த கதைக்கு ஒரு பக்கம், இதற்கு ஒரு வாக்கியம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் நமக்குத் தெரியாது. ஈழத்திலிருந்து வந்து இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் பிழைத்தான். செத்துவிட்டான் என்று நம்பிய படை கலங்கிப்போயிருந்தது. படகில் படுக்கவைத்து முகாமுக்குக் கொண்டுவந்தபோது, பிணம்தான் வருகிறது என்று கரையில் நின்றவர்கள் நினைத்தார்கள். கையைத் தூக்கிக் காட்டினான். தூக்குப்படுக்கை கொண்டுவந்தார்கள், மறுத்துவிட்டுக் குதிரை கேட்டான். பிறகு இறங்கித் தன் கூடாரத்துக்கு நடந்தே போனான். என் வார்டில் இப்படி ஒருவர் செய்தால் சத்தம் போட்டிருப்பேன். நண்பர்களும் கடிந்துகொண்டார்கள், நீங்கள் செய்தது சிப்பாயின் வேலை, தளபதியின் வேலை அல்ல என்று. அவர்கள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரிந்ததால்தான் கோபம் வந்தது என்று ஏரியன் நினைக்கிறார்.

அடுத்த ஆண்டு, கி.மு. 325. இன்றைய பலுசிஸ்தானின் மக்ரான் பாலைவனம். படை தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு பள்ளத்தில் ஊறிய கொஞ்சம் தண்ணீரைச் சில வீரர்கள் தலைக்கவசத்தில் ஏந்திக்கொண்டு வந்து அரசனிடம் நீட்டுகிறார்கள். நன்றி சொல்லி வாங்கி, எல்லோரும் பார்க்க மணலில் கொட்டிவிடுகிறான். கொட்டிய நீரை ஒவ்வொருவரும் குடித்ததுபோல் படை தெம்பானது என்கிறார் ஏரியன். தலைமைப் பண்பு வகுப்புகளில் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வார்கள். எனக்கும் பிடிக்கும். நாங்கள் யாரும் டீ குடிக்காத ஷிப்டில் தானும் குடிக்காத பொறுப்பாளர்களுக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பணி அட்டவணையைப் போட்டது யார் என்ற கேள்வி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வரும். அந்தப் பாலைவனத்துக்குள் அவர்களைக் கூட்டிப்போனது யார்? முன்பு செமிராமிஸ் அரசியும் சைரஸ் மன்னனும் அங்கே படையை இழந்தார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களை மிஞ்சவேண்டும் என்றுதான் அந்த வழியைத் தேர்ந்தான் என்று அவனுடைய கடற்படைத் தலைவன் நியார்க்கஸே சொல்லியிருக்கிறான். ஓர் இரவு திடீர் வெள்ளம் வந்து, படையோடு நடந்த பெண்கள், குழந்தைகளில் பெரும்பாலானோரை அடித்துக்கொண்டு போனது. கொட்டிய தண்ணீர்க் கதை நம்மிடம் இருக்கிறது. இந்த வெள்ளத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை.

இனி சாவு. கி.மு. 323, பாபிலோன். வயது 32. அரண்மனை நாட்குறிப்பு என்ற பெயரில் அவனது கடைசி நாட்களின் பதிவை ஏரியனும் புளூட்டார்க்கும் சுருக்கித் தருகிறார்கள். அது பின்னால் ஜோடிக்கப்பட்டது என்போரும் உண்டு. ஆனால் படித்தால் எங்கள் காய்ச்சல் அட்டை மாதிரியே இருக்கிறது. குடித்தான், குளித்தான், காய்ச்சல், குளியலறையிலேயே தூங்கினான். மறுநாள் குளித்தான், பலி கொடுத்தான், நண்பனோடு பகடை ஆடினான், இரவெல்லாம் காய்ச்சல். இதற்கிடையே அரேபியாவுக்குக் கடற்படை எந்த நாளில் புறப்பட வேண்டும் என்று படுத்தபடியே உத்தரவு போடுகிறான். காய்ச்சல் ஏறுகிறது, உத்தரவு நிற்கவில்லை. இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வண்டி சொல்லிவிடு என்பார்கள், வியாழன் இரவு போய்விடுவார்கள். சாவைப் பற்றிய பெரிய வாசகம் எதையும் நான் படுக்கையருகில் கேட்டதில்லை. போர்வை, தண்ணீர், யாரோ ஒருவரின் பெயர், வண்டி. அவ்வளவுதான்.

பிறகு பேச்சு நின்றது. சாதாரண வீரர்கள் வற்புறுத்தி உள்ளே வந்து வரிசையாகக் கட்டிலைக் கடந்துபோனார்கள். தலையைச் சிரமப்பட்டுத் தூக்கி ஒவ்வொருவரையும் கண்ணால் வரவேற்றான். துணிவு என்றால் மதில் குதித்ததைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அந்த நிலையில் தலையைத் தூக்குவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன்.

என்ன நோய்? மலேரியா என்றும் நஞ்சு என்றும் சொன்னார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் டைபாய்டு என்று ஒரு கட்டுரை வந்தது. நியூசிலாந்தின் கேத்தரின் ஹால் என்ற மருத்துவர், உடலைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே நோய் என்கிறார். உடல் பல நாள் கெடவில்லை என்று பழைய ஆசிரியர்கள் வியக்கிறார்களே, அவன் அப்போது இறந்திருக்கவே இல்லை என்பது அவர் வாதம். இதை இரவுப் பணியில் படிக்காதீர்கள்.

கத்தோலிக்கர்கள் வீட்டு பைபிளில் மக்கபேயர் முதல் நூல் அலெக்சாண்டரோடுதான் தொடங்குகிறது. உலகம் அவன்முன் அடங்கியது, உள்ளம் செருக்குற்றது, படுக்கையில் விழுந்தான், சாகப்போவதை உணர்ந்தான், 12 ஆண்டு ஆண்டான், இறந்தான் என்று சில வசனங்களில் முடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறது. சின்ன வயதில் இதை எத்தனை முறை வாசித்திருப்பேன், அது இவன்தான் என்று உறைக்கவே இல்லை.

கடைசியாக ஒரு படம் திரையில் காட்டுகிறேன். தெரிகிறதா? இது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் உள்ள உடைந்த களிமண் பலகை. பாபிலோனிய வானியலாளர்கள் நூற்றாண்டுக்கணக்கில் எழுதிவந்த நாட்குறிப்பின் ஒரு துண்டு. நிலா எங்கே, கோள்கள் எங்கே, யூப்ரடீஸில் தண்ணீர் எவ்வளவு, வாற்கோதுமையும் பேரீச்சையும் எள்ளும் என்ன விலை என்று அவர்கள் வரிசையாகக் குறித்துவைப்பார்கள். இந்தத் துண்டில் அந்த மாதத்தின் 29ஆம் நாளுக்கு நேரே, நம் கணக்கில் கி.மு. 323 ஜூன் 11, அரசன் இறந்தான் என்று இருக்கிறது. பெயர் இல்லை. அடைமொழி இல்லை. அதை அடுத்து வருவது மேகம் பற்றிய குறிப்பு. வானம் மூடியிருந்ததால் அன்று நட்சத்திரம் பார்க்க முடியவில்லை.

எழுதியவர் பணியில் இருந்த ஒரு குமாஸ்தா. நானும் இரவில் இப்படித்தான் எழுதுகிறேன், நேரம் போட்டு, கையெழுத்திட்டு, அடுத்த படுக்கைக்குப் போகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சிட்னிக்காரர்கள் முதலில் கேட்கட்டும், அவர்கள் தூங்கப் போக வேண்டும்.