பாலத்தில் பிடித்த மீன் கடலுக்குத் திரும்பிய கதை



பிடித்த மீனை மறுபடியும் தண்ணீரிலேயே விடுவதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு மீன் கடைக்குப் போகும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலோ பல மீன்களுக்கு அதுதான் சட்டம். பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள், பாலங்களின் ஓரத்தில் வரிசையாக நின்று தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மீனை விடச் சொல்லிச் சட்டம் போடுவது எளிதாக இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அதை உயிரோடு விடுவதற்கான வழி அவ்வளவு எளிதாக அமையவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

பழைய பாலங்களுக்குப் புது வேலை

ஃபுளோரிடாவின் தென்கோடியில் தீவுகளை இணைத்துக் கடலுக்கு மேல் ரயில் பாதை போட்டவர் ஹென்றி ஃபிளாக்லர் என்ற தொழிலதிபர். 1912-இல் கீ வெஸ்ட் வரை ரயில் ஓடியது. 1935 செப்டம்பரில் வந்த பெரும் புயல் அந்தப் பாதையைச் சிதைத்தது. மாநில அரசு அதை வாங்கி, அதே பாலங்களின் மேல் சாலை போட்டு 1938-இல் திறந்தது. பின்னர் அகலமான புதுப் பாலங்கள் வந்தன. அவற்றில் பெரியதான ஏழு மைல் பாலம் 1982-இல் முடிந்தது. பழைய பாலங்களில் பலவற்றை இடிக்காமல் மீன்பிடிக்க விட்டுவிட்டார்கள்.

டாம்பா விரிகுடாவின் கதை சோகமானது. 1980 மே 9 அன்று காலை புயல் மழையில் ஒரு சரக்குக் கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி விழுந்து 35 பேர் இறந்தார்கள். 1987-இல் புதுப் பாலம் திறந்த பிறகு, பழையதன் இரு முனைகளும் மீன்பிடிப் பாலங்களாயின.

படகு வாங்க வசதி இல்லாதவர், வயதானவர், குழந்தையோடு வருகிறவர் என எல்லோருக்கும் ஆழமான தண்ணீர் எட்டும் இடம் இதுதான். அதனால்தான் இந்தப் பாலங்கள் அங்குள்ளவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

‘விட்டுவிடு’ என்ற சட்டம்

இன்னொரு பக்கம் மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. நம் கொடுவா மீனுக்குத் தூரத்து உறவான ஸ்னூக் என்ற மீனை விற்பதை ஃபுளோரிடா 1957-இலேயே தடை செய்தது. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல் கலைஞர் பால் புருடோம் மசாலா தடவிக் கருக வாட்டிய ரெட்ஃபிஷ் மீனைப் பிரபலமாக்கினார். ஊர் முழுக்க அதையே கேட்க, அந்த மீனுக்கு ஆபத்து வந்தது, கட்டுப்பாடுகளும் வந்தன. ஃபுளோரிடாவில் ரெட்ஃபிஷ் 18 முதல் 27 அங்குலத்துக்குள் இருந்தால்தான் எடுத்துப் போகலாம். அதைவிடச் சிறியது இன்னும் வளர வேண்டும், பெரியது முட்டையிட வேண்டும். ஸ்னூக் மீன் ஆணாகப் பிறந்து பின்னர் பெண்ணாக மாறுவது. பெரிய ஸ்னூக்கை எல்லாம் எடுத்துவிட்டால் முட்டையிடத் தாய் மீன் எங்கே இருக்கும்?

300 கிலோவைத் தாண்டியும் வளரும் கோலியாத் களவாவைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு 1990-இல் தடை வந்தது. 2013 முதல் டார்பன் மீனையும் பிடித்தால் விட்டுவிட வேண்டும். அது 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே கூடாது.

உயரம் என்ற சிக்கல்

படகில் இருப்பவர் குனிந்து, மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிடலாம். பாலத்தில் நிற்பவர் என்ன செய்வார்? உங்கள் பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பாருங்கள். ஒரு மாடி, இரண்டு மாடி உயரத்துக்கு மீனை நரம்பிலேயே தூக்கினால் அதன் முழு எடையும் வாயில் குத்திய முள்ளில் தொங்கும், தாடை கிழியும். முள்ளை எடுத்துவிட்டு மேலிருந்து எறிந்தால் தண்ணீரில் அறைந்து உள்ளுறுப்புகள் அடிபடும். நீந்திப் போவதுபோல் தெரியும் மீன் பிறகு செத்துப்போகலாம். விட்டவர் சட்டத்தை மதித்த நிம்மதியோடு வீட்டுக்குப் போவார்.

வெளியே இருக்கும் நேரமும் மீனைக் கொல்லும். கனடாவின் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை விரட்டி நீந்த வைத்தார்கள். தண்ணீரிலேயே விட்டவற்றில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதமும், 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதமும் இறந்தன. அது குளிர்ந்த நன்னீர் மீன். எல்லா மீனுக்கும் இதே கணக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரு புகைப்படம் எடுக்கும் நேரம் மீனுக்கு எவ்வளவு பெரிய நேரம் என்பது இதில் புரியும்.

கயிற்றில் இறங்கும் கூடை

இதற்குக் கிடைத்த விடை நமக்குப் புதிதல்ல. காய்கறிக்காரர் வந்ததும் மேல்மாடியில் இருப்பவர் கயிற்றில் கூடையை இறக்குவதைப் பார்த்திருக்கிறோம். பாலத்து வலையும் அதேதான். வட்டமான வளையத்தில் கட்டிய அகலமான வலை, மேலே நீளமான கயிறு. வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, மீனை அதன்மேல் கொண்டுவந்து தூக்க வேண்டும். எடை வலையில் இருப்பதால் வாய்க்குப் பாரமில்லை. நனைத்த கையால் பிடித்தால் உடம்பின் மேல் உள்ள வழவழப்பு போகாது. செவிளுக்குள் விரலை விடக் கூடாது. முள்ளைக் கழற்றியதும் அதே வலையில் இறக்கிவிடலாம். வலையில் அடங்காத பெரிய மீன் என்றால் தூக்காமல், முடிந்தவரை முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டிவிட வேண்டும்.

அடுத்த மாற்றம் முள்ளில் வந்தது. நுனி உள்பக்கமாகத் திரும்பிய வட்ட முள், மீன் விழுங்கினாலும் பெரும்பாலும் குடலில் குத்தாமல் வாயோரத்தில் வந்து மாட்டும். பசிபிக் தீவு மக்கள் சிப்பியிலும் எலும்பிலும் பழங்காலத்திலேயே செய்த வடிவம் இது. 2008-இல் மெக்சிகோ வளைகுடாவின் கூட்டரசு எல்லைக் கடலில், இயற்கை இரை வைத்துப் பவளப்பாறை மீன்களைப் பிடிப்பவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். 2019-இல் ஃபுளோரிடா, கரையிலிருந்தும் பாலத்திலிருந்தும் சுறா பிடிப்பவர்களுக்கும் வட்ட முள் விதியைக் கொண்டுவந்தது. தடை செய்யப்பட்ட சுறா மாட்டினால் அதைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது என்றும் சொன்னது.

மீனோடு பறவையும்

ஸ்கைவே பாலத்தில் இன்னொரு பிரச்சினையும் எழுந்தது. தூண்டிலில் துடிக்கும் மீனைப் பார்த்துப் பாயும் கூழைக்கடாக்கள் முள்ளிலும் நரம்பிலும் சிக்கின. நரம்பை அறுத்து விரட்டினால் அது இறக்கையில் சுற்றிக்கொண்டே போகும், பறவை எங்கோ தொங்கிச் சாகும். 2023-இல் அங்கே புது விதி வந்தது. நவம்பர் 16 முதல் மார்ச் 15 வரை ஒரே நரம்பில் பல முள் கட்டக் கூடாது, ஒருவர் இரண்டு தூண்டிலுக்கு மேல் போடக் கூடாது. பறவை மாட்டினால் என்ன செய்வது என்று சொல்லித்தரும் இணையப் பயிற்சியையும் ஆண்டுதோறும் முடிக்க வேண்டும்.

1957 முதல் இன்றுவரை வந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முதலில் வந்தவை எதை விட வேண்டும் என்று சொன்னவை. எப்படி விட வேண்டும் என்பது வெகு காலம் கழித்துத்தான் விதிகளில் ஏறியது. இடைப்பட்ட காலத்தில் பாலத்தில் நின்றவரின் கைதான் மீனின் விதியைத் தீர்மானித்தது. இன்றும் பெருமளவு அப்படித்தான்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பேரப்பிள்ளைகள் தூண்டில் கேட்டால் மறுக்க வேண்டாம். அங்குள்ள அன்றைய விதியை முதலில் பார்த்துவிடுங்கள். வலை, வட்ட முள், முள் கழற்றும் குறடு, நரம்பு வெட்டும் கத்தரி நான்கும் கையில் இருக்கட்டும். மீன் மாட்டிய பிறகு வலையைத் தேட நேரம் இருக்காது. வலையை அவிழ்த்துத் தயாராக வைத்த பிறகு தூண்டிலைப் போடச் சொல்லுங்கள்.