நவராத்திரி மண்டபமும் ஒரு குரலின் காத்திருப்பும்

ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சில நாள்கள் முன்னதாக, கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதி யானைமீது திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் எழுந்தருளுகின்றனர். அரண்மனை உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கும் உடைவாள் ஊர்வலத்தின் முன்னே செல்கிறது. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, 50 கி.மீ.க்கு மேற்பட்ட வழியைக் கடந்து, நவராத்திரிக்கு முதல் நாள் ஊர்வலம் தலைநகரை அடைகிறது. குமாரசுவாமி ஆரியசாலைக் கோவிலிலும் நங்கை செந்திட்டைக் கோவிலிலும் தங்க, சரசுவதி கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோவிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருக்கிறாள். இந்தச் சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்றும், அவருக்குப் பின் சேர அரசரின் பொறுப்பில் வந்து சேர்ந்தது என்றும் தொன்மரபு கூறுகிறது.

சுசீந்திரத்து அம்மனின் பெயர் மொழியியல் மாணவர்கள் சற்று நின்று பார்க்கத்தக்கது. 'முன் உதித்த நங்கை' என்ற தமிழ்த் தொடர் மலையாள வழக்கில் 'முந்நூற்றி நங்க' என்று திரிந்துள்ளது. மலையாளத்தில் 'முந்நூற்றி' என்பது முந்நூறு என்னும் எண்ணுப்பெயர் பிற சொற்களோடு சேரும்போது கொள்ளும் வடிவம். ஆகவே, மூலப்பெயரில் இல்லாத ஓர் எண் கேட்பவர் காதில் விழுகிறது. பழமை என்பது சில வேளைகளில் இவ்வாறு காதால் கேட்டுக் கூட்டிக்கொள்ளப்படுவதும் உண்டு. இம்மண்டபத்தின் இசை மரபைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது பயன் தரும்.

மண்டபத்தில் ஒன்பது மாலைகள் கச்சேரி நடைபெறுகிறது. முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடித் தொடங்கிவைக்கின்றனர். எண்ணெய் விளக்குகளின் ஒளியில், சரசுவதியின் முன்னிலையில் கலைஞர் பாடுகிறார். கைதட்டும் வழக்கம் இல்லை. இங்கே பாட்டு நிகழ்ச்சி அன்று, வழிபாடு என்பது இதன் பொருள். ஒவ்வொரு நாளுக்கும் உரிய முதன்மைக் கீர்த்தனை முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என்னும் ஒன்பது இராகங்களில் சுவாதித் திருநாள் இயற்றிய வடமொழிக் கீர்த்தனைகள் அவை. ஒன்பதும் தேவியை நோக்கிப் பாடப்படுபவை.

சுவாதித் திருநாள் 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்டவர். அவரது இசைப்பணி அறிந்த அளவுக்கு அவரது கல்விப்பணி பேசப்படுவதில்லை. திருவனந்தபுரத்தைக் கல்லூரி நகரமாக்கிய முதல் அடி அவர் காலத்தில்தான் வைக்கப்பட்டது. 1834-இல் அங்கே தொடங்கப்பட்ட ஆங்கிலப் பள்ளியே 1866-இல் மகாராஜா கல்லூரியாகி, இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக நிற்கிறது. பின்னாளில் பெ. சுந்தரம்பிள்ளை தத்துவப் பேராசிரியராக இருந்து, 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டது இக்கல்லூரியிலிருந்துதான். 1837-இல் அமைந்த வானாய்வுக்கூடமும் சுவாதித் திருநாள் ஆட்சியின் கொடையே. பள்ளியும் வானாய்வுக்கூடமும் குதிரைமாளிகையும் நவராத்திரிக் கீர்த்தனைகளும் ஒரே ஆட்சிக்காலத்தின் படைப்புகள். கல்விக்கும் கலைக்கும் ஒருசேர இடம் தந்த நகரம் என்ற பெருமை திருவனந்தபுரத்துக்குப் பொருந்துவதன் அடிப்படை இதுவே.

இரண்டையும் இணைக்கும் நாள்களும் இவ்விழாவில் உண்டு. அட்டமியன்று மாணவர்கள் புத்தகங்களைப் பூசைக்கு வைக்கின்றனர். விசயதசமி காலையில் பூசையெடுப்பு முடியும்வரை படிப்பு இல்லை. ஆண்டு முழுதும் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு நகரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கோட்டைக்குள் இசை கேட்கச் செல்லும் இடைவேளை அது. விசயதசமியன்று குழந்தைகளின் விரல் பிடித்து அரிசியில் எழுத்தறிவிக்கும்போது ஆண், பெண் என்ற வேறுபாடு பார்க்கப்படுவதில்லை.

ஆனால் மண்டபத்தின் பாடும் இடத்தில் அவ்வேறுபாடு நெடுங்காலம் இருந்தது. அங்கே பாடும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. 2006-இல்தான் முதன்முறையாக ஒரு பெண் அங்கே அமர்ந்து பாடினார். அவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 81.

இக்காலத்தாழ்வின் பொருளை உணர, அதே நகரத்தில் பிற இடங்களில் நடந்தவற்றை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். சுவாதித் திருநாள் அரியணைக்கு உரிய வயதை அடையும்வரை, 1810 முதல் 1829 வரை, நாட்டை ஆண்டவர்கள் அவருடைய தாய் கௌரி லட்சுமி பாயும் சிற்றன்னை கௌரி பார்வதி பாயும். 1924 முதல் 1931 வரை ஆட்சி சேது லட்சுமி பாயின் கையில் இருந்தது. கல்லூரியும் எளிதாகத் திறந்துவிடவில்லை. பெண் என்ற காரணத்தால் மேரி புன்னன் லூக்கோசுக்கு மகாராஜா கல்லூரியில் அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்டது. அவர் வரலாறு பயின்று 1909-இல் பட்டம் பெற்றார். ஆனால் அதே மேரி புன்னன் வெளிநாடு சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1938-இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார். 1937-இல் அன்னா சாண்டி முன்சீப்பாக நீதிமன்ற இருக்கையில் அமர்ந்தார். மறுக்கப்பட்ட இடங்கள் ஒரு தலைமுறைக்குள் திறந்துகொண்டன.

1930-களின் பிற்பகுதி திருவிதாங்கூரில் கதவுகள் திறந்த காலம். 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம், பிறப்பின் பெயரால் அடைக்கப்பட்டிருந்த கோவில் வாசல்களைத் திறந்தது. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1939-இல் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டது. சுவாதித் திருநாள் இசைக்கல்லூரி என இன்று அழைக்கப்படுவது அதுவே. நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் முதல்வர். அவரை அடுத்துப் பொறுப்பேற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளைத் தேடித் தொகுத்துப் பரப்பும் பணி இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணிக்குப் பின்னின்று உந்திய ஆற்றல் மன்னரின் தாய் சேது பார்வதி பாய், வீணை பயின்றவர்.

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையில் 1924-இல் பிறந்த பொன்னம்மாள், புதிதாகத் தொடங்கிய அக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பின்னர் அங்கேயே முதல் பெண் ஆசிரியரும் ஆனார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக்கல்லூரியின் முதல் பெண் முதல்வர் என்ற பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. பாடத்திட்டத்தில் அவர் கற்றவற்றிலும் கற்பித்தவற்றிலும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளுக்கு முதன்மையான இடம் உண்டு. ஆக, அக்கீர்த்தனைகளைக் கற்கலாம், தேர்வில் பாடிக் காட்டலாம், வானொலியில் பாடலாம், நூறு மாணவர்களுக்குப் பிழையறச் சொல்லிக்கொடுக்கலாம். அவை எந்த இடத்துக்காக இயற்றப்பட்டனவோ அந்த இடத்தில் மட்டும் பாட முடியாது. இவ்விரு நிறுவனங்களையும் பிரித்த சுவர் மனிதர்களால் ஆனதன்று என்பதும் கவனத்துக்குரியது. கல்லூரியில் பெண்களுக்குக் கற்பித்த செம்மங்குடி மண்டபத்தில் பல ஆண்டுகள் பாடியவர். அவரிடம் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைப் பாடம் கேட்டு நாடெங்கும் கொண்டுசென்ற எம்.எஸ். சுப்புலட்சுமி அங்கே பாடியதில்லை.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் மரபு. பொன்னம்மாள் பாடியபோது 'முந்நூறாண்டு மரபு மாறியது' என்று பரவலாக எழுதப்பட்டது. இங்கேதான் முந்நூற்றி நங்கையின் பெயர் நினைவுக்கு வரவேண்டும். நவராத்திரி வழிபாடு பழையது என்பதில் ஐயமில்லை. பத்மநாபபுரம் அரண்மனையிலும் ஒரு நவராத்திரி மண்டபம் உண்டு. ஆனால் திருவனந்தபுரத்தில் இன்று கேட்கப்படும் ஒன்பது கீர்த்தனைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதிக்கு முற்பட்டவை அல்ல. 2006-இல் அவற்றின் வயது இருநூறைக்கூட எட்டவில்லை.

அந்தக் காலத்துக்குள்ளும் விழா எத்தனையோ மாற்றங்களை ஏற்றுக்கொண்டது. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் இடம் மாறியதால்தான் ஊர்வலமே தேவைப்பட்டது. 1949-இல் மன்னராட்சி முடிந்தது. 1956 நவம்பர் 1-இல் பத்மநாபபுரமும் சுசீந்திரமும் வேளிமலையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அன்றுமுதல் சரசுவதி களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கிறாள், அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே நீடிக்கிறது. ஒரே நாட்டுக்குள் நடந்த ஊர்வலம் இரு மாநிலக் காவலர்கள் அணிவகுத்து வரவேற்கும் நிகழ்வானது. இசையிலும் அப்படியே. கச்சேரியின் பிரிக்க முடியாத பக்கவாத்தியமாகிவிட்ட வயலின் ஐரோப்பியக் கருவி. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தது 1834-இல். கடல் கடந்து வந்த கருவிக்கு ஒரு தலைமுறைக்குள் அரசவையில் இருக்கை கிடைத்தது. அந்நாட்டிலேயே பிறந்த பெண்குரலுக்கு அதன்பின் 170 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

மரபு மாறுவதில்லை என்பதைவிட, எவற்றில் மாறலாம், எவற்றில் கூடாது என்பதை யாரோ தேர்ந்துகொண்டே வந்தனர் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. தேர்வு என்று ஒப்புக்கொண்டால் பொறுப்பும் ஏற்க வேண்டியிருக்கும்; மரபு என்று சொல்லிவிட்டால் அது இல்லை. 2006-இல் அந்தத் தேர்வை மாற்றியவரும் உள்ளிருந்தே வந்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் அசுவதித் திருநாள் இராமவர்மாவின் முயற்சியால் அவ்வழைப்பு சாத்தியமாயிற்று. அதனால் விளக்குகள் அணையவில்லை, கீர்த்தனை வரிசை குலையவில்லை, மண்டபத்தின் அமைதியும் கெடவில்லை. காக்கவேண்டியது என்று சொல்லப்பட்ட அனைத்தும் அப்படியே இருந்தன.

பொன்னம்மாளுக்கு 2017-இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. 2021 ஜூன் 22-இல் அவர் மறைந்தார். அவரது 2006 கச்சேரி வெற்றிக் கதையாகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. வரலாற்று மாணவர் அதோடு ஒரு கழித்தல் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். முப்பது வயதுப் பொன்னம்மாளின் கல்யாணியையும் ஐம்பது வயதுப் பொன்னம்மாளின் பைரவியையும் அம்மண்டபம் கேட்கவில்லை. அவரோடும் அவருக்குப் பின்னும் அதே கல்லூரியில் பயின்ற எத்தனை பெண்களின் இளமைக்குரல் அங்கே ஒலிக்காமல் போயிற்று என்பதற்குக் கணக்கில்லை. கதவு திறந்த நாளைக் கொண்டாடுவது எளிது. மூடியிருந்த நாள்களில் நேர்ந்த இழப்பை எந்த விழாவும் ஈடுசெய்வதில்லை.

களியக்காவிளையைத் தாண்டி நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் ஊர்வலச் சாலை பாறசாலை வழியாகவே போகிறது. பொன்னம்மாள் பிறந்த ஊரைக் கடந்துதான் ஆண்டுதோறும் கலைமகள் தன் இசையைக் கேட்கத் திருவனந்தபுரம் சென்றுகொண்டிருந்தாள். அச்சாலையில் பாறசாலையிலிருந்து தலைநகர் ஒரு நாள் நடைத்தொலைவு.