கண்ணாடி வேண்டாத கல்மரங்கள்

பழம்பொருள் ஒன்று கிடைத்த மாத்திரத்தே அதனைக் கண்ணாடிப் பேழையுள் அடைத்தல் வேண்டும் என்பது நூதனசாலைகள் நம்மவரிடையே பரப்பிய எண்ணமாகும். எல்லாப் பொருளுக்கும் இவ்விதி பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

பொல்பிட்டியவிலிருந்து களனி கங்கையின் வழியே கீழிறங்கினால் கித்துள்கலை; அதனயலே பெலிலென என்னும் பாறைக் குகை. 1978 முதல் 1983 வரை சிரான் தெரணியகல முதலியோர் அங்கு நடாத்திய அகழ்வில் மனித எலும்புகளும் நுண்கற்கருவிகளும் வெளிப்பட்டன. அங்குள்ள மண்ணடுக்குகளுட் பழையன 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. கற்கருவியை வெறும் பலகையிற் பொருத்தி வைப்பினும் கேடில்லை. எலும்போ அத்தகையதன்று. நுண்டுளைகள் நிறைந்த அது ஈரத்தை உறிஞ்சி விம்மும். ஈரமண்ணினின்று எடுத்ததை விரைந்து உலர்த்தினால் வெடிக்கும். மலைநாட்டு மழைக்காலத்திற் பூஞ்சணமும் பற்றும். அதற்குப் பேழை காவலே. ஆயினும் ஈரத்தை உள்ளே வைத்து மூடிய பேழை திறந்த வெளியினும் கொடிது.

தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் நிலைமை வேறு. பிரெஞ்சு அறிஞர் சொன்னரா 1781இல் எடுத்துரைத்த கல்மரங்கள் அங்கே இன்றும் வானமே கூரையாகக் கிடக்கின்றன. மரத்தின் திசுக்களிற் சிலிக்கா புகுந்து படிய, மரம் கல்லாயிற்று. அதன் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. படிகக்கல்லை ஒத்த வன்மையுடைய அதனை வெயிலும் மழையும் எளிதில் அசைக்கமாட்டா. இறைவனால் வதைக்கப்பட்ட அசுரனின் எலும்புகளே இவை என்பது அவ்வூர் வழக்கு. கல்லாய்க் கிடப்பது ஒருகாலத்தில் உயிருடையதாயிருந்தது என்று கண்ட அளவில் அவ்வழக்கு நகைக்கத்தக்கதன்று.

இம்மரங்களுக்கு வேரில்லை, கிளையில்லை; பட்டையும் காணப்படுவதில்லை. ஆகவே இவை நின்ற இடத்திலேயே கல்லானவை அல்ல, பழைய வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலிற் புதையுண்டவை என ஆய்வாளர் துணிந்தனர். பருமனான அடிமரங்கள் மணற்கல்லிடையே கிடக்கும் கிடையைக் கண்டார்க்கே அவ்வெள்ளத்தின் வலிமை புலனாகும். ஒரு துண்டினை அறுத்து, மெருகிட்டுப் பேழையுள் வைத்தால் மரத்தின் வளையங்கள் தெரியும்; ஆறு தெரியாது.

கண்ணாடியில்லாக் காட்சிக்குப் பகை மழையன்று, மனிதர் கையே. காண வருவோர் நினைவுப்பொருளென ஆளுக்கொரு சில்லை மடியிற் கட்டிச் சென்றால், இரண்டு கோடி ஆண்டு நிலைத்தது சில தலைமுறையிற் கரைந்துவிடும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசியச் சின்னமாக்கி வேலியிட்டது அதனாலேயே. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளிப்படுத்திய, 18 மீற்றருக்கு மேல் நீண்ட கல்மரமும் கிடந்த இடத்திலேயே காக்கப்படுகின்றது. அது அக்காலத்துக் கடலடிச் சேற்றிற் புதைந்த மரம். அச்சேறே பாறையாகி இன்றும் அதன் கீழே கிடக்கின்றது.